தங்கூசி முடிச்சு

பல்லேபொல,
திங்கட்கிழமை.

அஸ்ஸலாமு அலைக்கும் வறஹ்மத்துல்லாஹ்.

அன்புத் தங்கச்சி நிஹ்லாவுக்கு மதினி ஹமீமா எழுதுவது. நீ சுகமா என்று கேட்க எனக்குக் கை வரவில்லை. பிள்ளையை அடக்கி நாற்பத்தாறு நாளான தாயிடம் கேட்கிற கேள்வி அல்ல அது. நாங்கள் இங்கே சுகம் என்றும் எழுதமாட்டேன்.

உனக்குப் போன் எடுத்தால் உன் வாப்பாதான் பேசுகிறார். "மகள் படுத்திருக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறார். அந்தக் கலந்தர் மாமா முன்பெல்லாம் என்னோடு எவ்வளவு கதைப்பார், உனக்கே தெரியும். அவரைக் குறை சொல்லவில்லை. போன கிழமை நானே வில்கமுவ பஸ்ஸில் ஏறி உங்கள் சந்தி வரை வந்தேன். வயலுக்குள் திரும்புகிற அந்த மண்ரோட்டு முனையில் இறங்கினேன். டிரக்டரில் போன ஒருவர் எங்கே போக வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டார். எங்கேயும் இல்லை என்று சொல்லிவிட்டு, திரும்புகிற பஸ் வரும்வரை இரண்டரை மணித்தியாலம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கறுப்பு அபாயாவோடு ஒரு பைத்தியம் சந்தியில் இருந்ததாக யாராவது சொல்லியிருந்தால், அது நான்தான். ஊரையே வாயால் விரட்டுகிற ஹமீமாவுக்கு உன் வீட்டு வாசல் வரை நடக்கக் கால் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

விவாகரத்து வழக்கு விசாரிக்கிற காதியாரின் கடிதம் உனக்கும் வந்திருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மாத்தளையில் விசாரணை. தலாக் சொல்லப் போகிறேன் என்று என் தம்பி எழுதிக் கொடுத்துவிட்டான். காரணம் என்று அவன் எழுதியதை நான் வாசித்தேன். கவனமில்லாமல் தன் பிள்ளையின் சாவுக்குக் காரணமானவள் என்று உன்னைப் பற்றி எழுதியிருக்கிறான். நேற்று என்னிடம் வந்து, "ராத்தா, நீங்கதான் முதல் சாட்சி. அன்னைக்கு வீட்டுல நடந்ததை அப்படியே சொல்லுங்க, அது போதும்" என்றான். நான் சரி என்று தலையாட்டினேன். வாயை மூடிக்கொண்டு இருப்பது ஒரு மாதிரியான பாவம். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்வது எனக்கு முடியாது. எனக்கும் ஒரு எல்லை இருக்கிறது போலிருக்கிறது. அது இவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதுதான் வெட்கம்.

காதியாருக்குச் சொல்ல முன்னால் உனக்குச் சொல்ல வேண்டும். ஷிஹாமின் தொண்டையில் சிக்கிய பொம்மைக் கரடியின் கை நீ கட்டியது அல்ல. நான் கட்டியது. அந்தக் கரடியைப் பிள்ளையின் கையில் கொடுத்ததும் நான்தான்.

எழுதிவிட்டேன். இனி நடந்ததை முறையாகச் சொல்கிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் இதை நாளைக்கு உன் வாப்பா வாசிக்கலாம், காதியாரும் வாசிக்கலாம். அதனால் ஒன்றும் தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோல எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நீ இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது ஒரு தையல் பெட்டியும் கொண்டுவந்தாய். மாத்தளை டவுனில் தனுஷா மிஸ்ஸிடம் நீ கரடி செய்யப் பழகியிருந்தாய். விரல் நீளத்துக்கு மேல் போகாத குட்டிக் கரடிகள். கையும் காலும் தலையும் தனித்தனியாகத் தைத்து, பஞ்சடைத்து, நூலால் உடம்போடு சேர்த்துக் கட்டினால் எல்லாம் சுற்றும். மிஸ் அனுப்புகிற கரடிகளை வெளிநாட்டில் பெரியவர்கள் அலுமாரியில் வைத்து அழகு பார்க்க வாங்குகிறார்கள், பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சாமான் இல்லை என்று நீ முதல் நாளே சொன்னாய். பெரிய மனிசருக்கு என்னத்துக்குப் பொம்மை என்று நான் சிரித்தேன். ஆனாலும் புருஷன் மௌத்தான பிறகு தம்பி வீட்டோடு கிடந்த எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. வெட்டுவது, தைப்பது, இடுக்கியால் பஞ்சு திணிப்பது எல்லாம் சொல்லித் தந்தாய். மூட்டுக் கட்டுகிற வேலையை மட்டும் என்னிடம் தரவில்லை.

அது என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. உன்னைவிடப் பதினாறு வயது மூத்தவள் நான். ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணச் சட்டை தைத்தவள். ஒரு கரடிக்குக் கை கட்டத் தெரியாதா என்று மனசுக்குள் பொருமினேன். "மதினி, உங்களுக்குப் பொறுமை காணாது, அவசரப்படுவீங்க" என்று நீ ஒருநாள் விளையாட்டாகச் சொன்னாய். நானும் சிரித்தேன். ஆனால் மறக்கவில்லை.

நூல் விஷயத்தில் நீ எவ்வளவு பிடிவாதம் பிடிப்பாய். நீட்டு ஊசியை ஒரு தோளில் குத்தி மற்றத் தோளால் எடுப்பாய். கையின் உள்பக்கத்தில் ஒரு பிடி பிடித்து அதே துவாரத்தால் திரும்புவாய். நாலு தரம் அப்படிப் போய்வந்த பிறகுதான் இழுப்பாய். அந்த இழுப்பில் சாதாரணத் தையல் நூல் பட்டென்று அறுந்துவிடும். சாக்குத் தைக்கிற நூல் பலம்தான், ஆனால் ஊசிக் காதுக்குள் போகாது. பல்லுக்குப் பாவிக்கிற நூலையும் வாங்கிப் பார்த்தாய். துணியின் ரோமத்தில் உரசி அது நார் நாராகப் பிரிந்தது. கடைசியில் தனுஷா மிஸ் எடுத்துத் தருகிற மெழுகு பூசிய நைலோன் நூல்தான் சரி என்றாய். அதையும் சும்மா நம்பமாட்டாய். ஒவ்வொரு நூல்கட்டையிலும் ஒரு முழம் வெட்டி, தண்ணீரில் நனைத்து, விரலில் சுற்றி இழுப்பாய். விரலில் வெள்ளைக் கோடு விழ வேண்டும், நூல் நீளக்கூடாது. பிறகு தேன்மெழுகில் இன்னொரு தரம் இழுத்துக்கொள்வாய். முதல் முடிச்சில் இரண்டு சுற்று, அடுத்ததில் ஒன்று, மூன்றாவது எதிர்ப்பக்கமாக. மிச்ச நுனியை ஊசியில் கோத்து உடம்புக்குள் ஓட்டி மறைத்த பிறகுதான் கத்தரிக்கோலைத் தொடுவாய். நான் பக்கத்தில் இருந்து, "கரடிக்கு ஒப்பரேஷன் செய்ற டொக்டர்" என்று கிண்டல் அடிப்பேன்.

அந்த மாதம் மெழுகு நூல் வரவில்லை. கட்டாமல் ஆறு கரடி கிடந்தது. தனுஷா மிஸ் இரண்டு தரம் போன் எடுத்துக் கேட்டுவிட்டார். நீ அசையவில்லை. "நூல் வராட்டி வேலையும் இல்லை மதினி, வேற நூலால நான் கட்டமாட்டேன்" என்றாய். பன்னிரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்றாம் நாள் நீ ஷிஹாமைத் தூக்கிக்கொண்டு ஊசி போடக் கிளினிக்குக்குப் போனாய். வீட்டில் நான் மட்டும்தான். சாமான் அறையில் தம்பி வெள்ளிக்கிழமைகளில் நாலந்தா குளத்துக்குக் கொண்டுபோகிற மீன்பிடிச் சாமான்கள் இருந்தன. அதில் தூண்டில் நரம்பு சுற்றிய புதுத் தங்கூசிக் கட்டை ஒன்று. ஒரு பாகம் இழுத்துப் பார்த்தேன். அறுக்கவே முடியவில்லை. இரண்டு கிலோ மீனைத் தூக்குகிற நரம்புக்கு ஒரு கரடிக் கை பாரமா என்று எனக்கு ஒரே சந்தோஷம். நீ பன்னிரண்டு நாளாகக் கண்டுபிடிக்காததை நான் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டேன் என்ற திமிர்.

தங்கூசி அறாது, உண்மைதான். ஆனால் அதில் முடிச்சு நிற்காது. வழுக்கும். கட்டையில் சுற்றியிருந்த வளைவை மறக்காமல் தானாக நிமிர்ந்து முடிச்சைத் தள்ளிவிடும். இதை நான் முதலாவது கரடியிலேயே கண்டேன். விட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? லைட்டரைக் கொளுத்தி நுனியை உருக்கினேன். அது ஒரு சின்னக் குமிழாக உறைந்து முடிச்சின் மேல் உட்கார்ந்தது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. நுனியை உள்ளே ஓட்டி மறைக்கவும் தேவைப்படவில்லை. மத்தியானம் லுஹருக்கு முன் ஆறும் முடிந்தது. கடைசிக் கரடியில் மட்டும் நெருப்பு கூடிப்போய்க் குமிழ் கருகிவிட்டது. இடது கை லேசாக ஆடியது. அதைப் பிறகு பிரித்துக் கட்டலாம் என்று தையல் மெஷின் லாச்சிக்குள் போட்டேன்.

ஆறையும் தனுஷா மிஸ்ஸிடம் அனுப்பிவிட்டேன், அங்கே இன்னொரு பிள்ளை கட்டும் என்று உன்னிடம் சொன்னேன். அது முதல் பொய். மிஸ்ஸிடம் ஐந்தைக் கொண்டுபோய் நிஹ்லா கட்டியது என்று கொடுத்தேன். அது இரண்டாவது. உன் வேலை என்றால் அவர் இழுத்துப் பார்ப்பதே இல்லை. வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டார்.

இனி அந்தப் புதன்கிழமை. எழுதத்தான் வேண்டும்.

பின்னேரம், அஸருக்குக் கொஞ்சம் முன். நீ என்னைப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனாய். நீ கட்டி முடித்த பழைய கரடிகள் ஒன்பதும் தட்டோடு தாழ்வான முக்காலியில் இருந்தன. ஷிஹாம் பல் முளைக்கிற எரிச்சலில் ஓயாமல் அழுதான். தூக்கினேன், ஆட்டினேன், சாவிக்கொத்தைக் கொடுத்தேன், எறிந்துவிட்டான். எனக்குத்தான் மூக்கின் மேல் கோபமாயிற்றே. லாச்சியைத் திறந்து அந்தக் கரடியை எடுத்து, "இந்தா, பிடி, வாயை மூடு" என்று கொடுத்தேன். பழுதான சாமான்தானே என்று நினைத்தேன். பிள்ளை உடனே அழுகையை நிறுத்தினான். சிரித்தான். அதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு என்னைப் பார்த்தான். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. நான் குசினிக்கு ஓடினேன். பாலை இறக்கி, அடுப்பைத் துடைத்து, கையைக் கழுவிக்கொண்டுதான் வந்தேன். அடுப்பை என்னத்துக்குத் துடைத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அவன் முகம் நீலமாக இருந்தது. பக்கத்தில் ஒரு கையில்லாத கரடி கிடந்தது.

நான் கத்தியதும் நீ ஈரத் தலையோடு ஓடி வந்தாய். அக்கம்பக்கத்துச் சனமும் வந்தது. அப்போது என் வாயிலிருந்து வந்த முதல் சொல் என்ன என்று உனக்கு நினைவு இருக்கிறதா? எனக்கு மறக்காது. "உன்ட கரடி நிஹ்லா! தட்டை ஏன் கீழே வெச்சிட்டுப் போன!" யோசித்துச் சொல்லவில்லை. அல்லாஹ் அறிய, திட்டம் போட்டுச் சொல்லவில்லை. பயத்தில் வாய் முந்திவிட்டது. ஆனால் அதை ஏழெட்டுப் பேர் கேட்டார்கள். பக்கத்து வீட்டு றிஸ்வானின் த்ரீவீலில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க, "நான்தான் தட்டைக் கீழே வெச்சேன், நான்தான் தட்டைக் கீழே வெச்சேன்" என்று நீ சொல்லிக்கொண்டே வந்தாய். மறுத்துச் சொல்ல எனக்கு அவ்வளவு தூரம் இருந்தது. நான் யாசீன் ஓதிக்கொண்டு வந்தேன்.

மரண விசாரணைக்கு வந்த அதிகாரி, மூட்டுக் கட்டுகிறது யார் என்று கேட்டார். இவள்தான் சேர் என்றேன். நீயும், "ஓம் சேர், நான்தான்" என்றாய். பொலிஸ்காரர் பொலித்தீன் பைக்குள் வைத்து அந்தக் கரடியைத் தூக்கிக் காட்டினார். தோள் துவாரத்தில் தங்கூசி பளபளத்துக்கொண்டு நின்றது. நீ தலை நிமிரவில்லை. ஒரு தடவை பார்த்திருந்தால் போதும், உன் நூல் இல்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். நிமிரக்கூடாது யா அல்லாஹ் என்று நான் துஆக் கேட்டேன். பிள்ளையின் மையித்து உள்ளே கிடக்கும்போது நான் கேட்ட துஆ அது. கபூலாகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நீ அனுபவித்தாய், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ட புள்ளையைக் கொன்ன கையால எனக்குச் சோறு போட வேணாம்" என்று தம்பி தட்டைத் தள்ளினான். மார்க்கம் விலக்கிய உருவம் செய்கிற வீட்டுக்கு இதுதான் கூலி என்று சொன்ன பெண்களின் வாயை அடைக்கவும் நான் உன்னைத்தான் காட்டினேன். வீட்டுக்கு வந்த மௌலவி, அல்லாஹ்வின் நாட்டம் என்று ஆறுதல் சொன்னார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நாற்பது நாள் நன்றாக ஒளிந்துகொண்டேன். நாட்டம் அவனுடையதுதான். முடிச்சு என்னுடையது.

ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிந்து உன் வாப்பா கூட்டிப்போக வந்த அன்று நீ என்னிடம் வந்தாய். என் இரண்டு கையையும் பிடித்து, "மதினி, என்னைப் பொறுத்துக்கோங்க" என்றாய். நான் என்ன சொன்னேன்? "ம்" என்றேன். உன்னைப் பொறுத்துக்கொண்டேன்! இதை நினைத்தால் எனக்கு என் தோலையே உரித்துப் போட வேண்டும்போல இருக்கிறது.

நாற்பதாம் கத்தத்தைத் தள்ளிவைத்து, போன வெள்ளிக்கிழமை ஓதி முடித்தோம். உன்னைக் கூப்பிடவில்லை. சனி காலையில் தனுஷா மிஸ் மெழுகு நூல் கட்டையை அனுப்பி, மிச்சக் கரடிகளையும் கேட்டார். முக்காலியில் இருந்த உன் தட்டை அன்றுதான் எடுத்தேன். ஒன்பதும் இருந்தன. யாராவது ஒருத்தர் அன்றைக்கே எண்ணிப் பார்த்திருந்தால் தட்டிலிருந்து ஒன்றும் போகவில்லை என்று தெரிந்திருக்கும். நீ எண்ணுகிற நிலையில் இல்லை. நான் எண்ணத் துணியவில்லை.

அந்த ஒன்பதையும் வைத்து ஒரு வேலை செய்தேன். ஒவ்வொன்றின் கையிலும் காலிலும் கயிறு கட்டி, தராசின் இரண்டு கிலோப் படிக்கல்லைத் தொங்கவிட்டேன். பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு மறுபடி தொங்கவிட்டேன். பிறகு பல்லால் கடித்து இழுத்தேன், நிஹ்லா, பிள்ளை இழுப்பதுபோல. முப்பத்தாறு மூட்டில் ஒன்றுகூட விடவில்லை. ஒரு கரடிக்குத் தோள் துணி கிழிந்து பஞ்சு வந்தது. அதிலும் உன் நூல் அப்படியே நின்றது. அந்தக் கிழிந்த தோளைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன். பிள்ளைக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா, சொல்லத் தெரியவில்லை.

தம்பியின் வேன் சத்தம் கேட்கிறது. தம்புள்ளைக்கு மரக்கறி இறக்கிவிட்டு வருகிறான். இன்றைக்கு அவனிடமும் சொல்லிவிடப் போகிறேன். தைரியம் போவதற்குள் எழும்புகிறேன்.

வியாழக்கிழமை.

மூன்று நாளாகப் பேனாவைத் தொடவில்லை. தம்பியிடம் சொல்லிவிட்டேன். நின்றபடியே கேட்டான். அடிப்பான் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான், "எந்த நூல் ராத்தா?" கட்டையைக் கொண்டுவந்து கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது நான் வாங்கினதுதானே" என்றான். பிறகு கிணற்றடியில் போய் உட்கார்ந்தவன் பொழுதுபட்டு மஃரிப் வரை எழும்பவில்லை. அன்று முதல் பள்ளியில்தான் படுக்கிறான். நான் ஆக்கியதைச் சாப்பிடுவதில்லை. என்னோடு பேசுவதுமில்லை. தலாக் விஷயத்தில் என்ன செய்யப் போகிறான் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதி உனக்கு ஆசை காட்டமாட்டேன். போதும் நான் சொன்ன பொய்கள்.

செவ்வாய்க்கிழமை விசாரணை அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக் கையெழுத்து வாங்கினார். கூப்பிட்டால் வர வேண்டும் என்றார். வருவேன். அதன் போட்டோக் கொப்பி இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. ஊரில் யாராவது உன்னைப் பார்த்து விரல் நீட்டினால் அதைக் காட்டு. கொப்பி நைந்துபோனால் சொல்லி அனுப்பு, இன்னொன்று தருகிறேன்.

நேற்று தனுஷா மிஸ்ஸிடமும் போனேன். நான் கட்டிய ஐந்தில் மூன்று அவரிடமே இருந்தது, என் முன்னாலேயே கைகளை வெட்டி எடுத்தார். இரண்டு கப்பலேறிவிட்டது. வாங்கினவர்களுக்கு உடனே எழுதினார். பதில் வரும்வரை அவருக்கும் தூக்கமில்லை, எனக்கும் இல்லை. என்னிடமிருந்த ஊசி, இடுக்கி எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொண்டார். "நிஹ்லாவோட பேரைச் சொல்லிக் கொடுத்தீங்களே" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் காதியார் முன்னால் நிற்பேன். தம்பி கூட்டிக்கொண்டு போகாவிட்டால் பஸ்ஸில் போவேன். நீ வர விரும்பினால் வா. என் முகத்தைப் பார்க்க முடியாது என்றால் வராதே, உன் வாப்பா வந்தால் போதும். தம்பி நாளைக்கே திருந்தி வந்து கூப்பிட்டாலும், நீ இந்த வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். நீயே யோசித்து முடிவெடு.

என்னைப் பொறுத்துக்கொள் என்றும் இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. மறுமையில் அல்லாஹ்வுக்கு முன்னால் என் சட்டையைப் பிடித்துக் கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. அதை அவசரப்பட்டு விட்டுக் கொடுக்காதே. மார்க்கம் சொல்கிறதே என்று யாராவது வற்புறுத்தினாலும் விட்டுக் கொடுக்காதே.

இன்று காலை உன் வாப்பாவுக்குப் போன் எடுத்து, வைக்க வேண்டாம் மாமா என்று கெஞ்சி, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அவர் சொன்னது இதுதான். உன் தங்கச்சி பிள்ளை பெற்று வந்து பதினெட்டு நாளாகிறதாம். நீ அந்தப் பிள்ளையைத் தொடுவதில்லையாம். மடியில் வைக்கப் போனால், "என்ட கையில ஒன்னும் நிக்காது" என்று சொல்லி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாயாம். போனை வைத்த கையோடு இந்தப் பேனாவை எடுத்தேன்.

கடிதத்தை றிஸ்வான் கையில் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்கு மத்தியானத்துக்குள் உன்னிடம் சேரும். வாசித்து முடித்ததும் மடித்து உன் வாப்பாவிடம் கொடு. பிறகு ஒன்றையும் யோசிக்காமல் எழும்பி உள்ளே போ. அந்தப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, அழட்டும். இரண்டு கையாலும் தூக்கு. உன் கை ஒன்றையும் நழுவவிடவில்லை, நிஹ்லா. நான்தான் அப்படிச் சொன்னேன்.

அந்தக் கைகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

ஹமீமா.